‘ஜேப்’ என்றால் குத்தா, ஊசியா, கேலியா?

கேள்வி இதுதான்: குத்துச்சண்டை வர்ணனையில் மூச்சுக்கு மூச்சு ‘ஜேப்’ என்கிறார்கள். பிரிட்டிஷ் செய்திகளில் தடுப்பூசியையும் ‘ஜேப்’ என்கிறார்கள். ஒரு தலைவர் இன்னொருவரைச் சீண்டிப் பேசினால் அதுவும் ‘ஜேப்’. எல்லாம் ஒரே சொல்தானா? எங்கே எந்தப் பொருளில் எடுத்துக்கொள்வது?

ஒரே சொல்தான். நேராகச் சட்டென்று குத்துவது, குத்திய வேகத்திலேயே பின்னால் எடுத்துவிடுவது, இதுதான் அதன் அடிப்படைப் பொருள். ‘பின்னால் எடுத்துவிடுவது’ என்ற பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அகராதியைப் பார்த்து ‘குத்து’ என்று மட்டும் மொழிபெயர்க்கும்போது சறுக்குவதும், பயிற்சிக் கூடத்தில் புதியவர்கள் அடி வாங்குவதும் அந்தப் பாதியில்தான்.

முதலில் எழுத்துப் பிரச்சினையை முடித்துவிடலாம். கேப், லேப் என்று எழுதும் அதே ஓசை என்பதால் இங்கே ‘ஜேப்’ என்று எழுதுகிறேன். ‘ஜாப்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். படிப்பவருக்கு வேலை நினைவுக்கு வரும். ‘ஜேப்’ என்றால் ஜேப்படித் திருடன் நினைவுக்கு வரலாம், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. வேடிக்கை என்னவென்றால், ஜேப் பிறந்ததே ‘ஜாப்’ என்ற சொல்லிலிருந்துதான். வேலையைக் குறிக்கும் ஜாப் அல்ல. கொத்துவது, குத்துவது என்ற பொருளில் ஆங்கிலத்தில் முன்பு வழங்கிய வேறொரு ஜாப். அதன் ஸ்காட்லாந்து உச்சரிப்பு 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ‘ஜேப்’ என்று பொது ஆங்கிலத்துக்குள் வந்தது. குத்துச்சண்டைப் பொருள் அந்த நூற்றாண்டின் கடைசியில்தான் சேர்ந்தது. ஆகவே குத்துச்சண்டையிலிருந்து ஊசிக்கு இந்தப் பெயர் போனது என்று நினைப்பது தவறு. கூர்முனையால் குத்துவது என்ற மூலப் பொருளிலிருந்து கிளைத்த இரண்டு கிளைகள் இவை.

குத்துச்சண்டையில்

வலக்கைப் பழக்கமுள்ளவர் இடது காலையும் இடது கையையும் முன்னே வைத்து நிற்பார். இந்த நிலைக்கு ‘ஆர்த்தடாக்ஸ்’ என்று பெயர். இடக்கைப் பழக்கமுள்ளவர் இதைத் தலைகீழாக்கி வலக்கையை முன்னே வைத்தால் ‘சவுத்பா’. எந்த நிலையானாலும் முன்னால் இருக்கும் கையால் நேராக விடும் குத்துதான் ஜேப். பின்னால் இருக்கும் கையால் நேராக விட்டால் அது ‘கிராஸ்’. ஜேப் என்றாலே இடக்கைக் குத்து என்று எழுதுகிறவர்கள் சவுத்பாக்களை மறந்துவிடுகிறார்கள்.

பலம் குறைந்த கையை ஏன் முன்னே வைக்க வேண்டும்? அது எதிராளிக்கு அருகில் இருப்பதால் போகும் தூரம் குறைவு, போய்ச் சேரும் நேரமும் குறைவு. வலுவான கை பின்னால் காத்திருக்கும். அதற்கு இடுப்பைத் திருப்பி விசை சேர்க்க இடமும் கிடைக்கும். பயிற்சியாளர்கள் குத்துகளுக்கு எண் வைத்துக் கூப்பிடுவார்கள். பரவலான முறையில் 1 ஜேப், 2 கிராஸ், 3 முன்கையின், அதாவது முன்னால் இருக்கும் கையின் ஹூக் (முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து), 4 பின்கையின் ஹூக், 5 முன்கையின் அப்பர்கட் (கீழிருந்து மேல்நோக்கி விடும் குத்து), 6 பின்கையின் அப்பர்கட். ‘ஒன்-டூ’ என்று வர்ணனையில் கேட்பது ஜேப்பும் தொடர்ந்து கிராஸும். ‘ஒன்-ஒன்-டூ’ என்றால் இரண்டு ஜேப், பிறகு கிராஸ்.

விடும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். கால்கள் தோள் அகலத்தில், ஒன்று முன்னே ஒன்று பின்னே. பின்காலின் குதி தரையிலிருந்து சற்றே எழும்பியிருக்கும். முழங்கால்கள் லேசாக மடிந்திருக்கும், முழங்கைகள் விலாவை ஒட்டியிருக்கும், முகவாய் கீழே இறங்கியிருக்கும், இரண்டு கைகளும் கன்ன உயரத்தில் இருக்கும். இங்கிருந்து முன்கை, பின்னால் இழுபடாமல், இருந்த இடத்திலிருந்தே நேராகப் புறப்பட வேண்டும். முன்கால் அதே கணத்தில் 10 முதல் 15 சென்டிமீட்டர் முன்னே நகரும். முழங்கை வெளியே விரியாமல் கைமுட்டிக்குப் பின்னாலேயே போகும். பாதி வழிக்கு மேல் கை திரும்பத் தொடங்கி, படும்போது உள்ளங்கை தரையைப் பார்க்கும். முஷ்டி அதுவரை தளர்வாகவே இருக்கலாம். படும் கணத்தில் மட்டும் இறுக வேண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இவற்றின் முட்டிகள்தான் பட வேண்டும். தோள் உயர்ந்து முகவாயை மறைக்கும். மறுகை கன்னத்தை விட்டு அசையாது. பிறகு போன கோட்டிலேயே கை திரும்பும், பின்கால் முன்கால் நகர்ந்த அதே அளவு நகர்ந்து பழைய இடைவெளியைச் சரிசெய்யும். இத்தனையும் ஒரு நொடிக்குள் முடிய வேண்டும்.

கெட்டுப்போகும் இடங்களும் வரிசையாக இதில்தான் இருக்கின்றன. முழங்கை வெளியே விரிந்தால் குத்து நேர்க்கோட்டில் போகாமல் அறைவதுபோல் வளைந்து போகும். அதைவிட மோசம், விரியும் முழங்கையை எதிராளி முன்கூட்டியே பார்த்துவிடுவார். கையைச் சற்றுப் பின்னிழுத்துவிட்டு விடுவதும் அப்படித்தான். வருகிறேன் என்று தந்தி அடிப்பதுபோல் என்பதால் இதற்கு ஆங்கிலத்தில் ‘டெலிகிராஃபிங்’ என்றே பெயர். முன்கால் தரையில் ஊன்றுவதற்கு வெகு முன்பே கை போய்விட்டால் உடல் எடை குத்தில் சேராது, தோளிலிருந்து வெறும் கை மட்டும் நீளும். எட்டாத தூரத்துக்கு உடலை வளைத்து எட்டினால் தலை முன்காலுக்கு மேலே போய் நிற்கும். அப்பர்கட்டுக்கு அதைவிட நல்ல அழைப்பு கிடையாது. காற்றில் பயிற்சி செய்யும்போது முழங்கையை முழுதாகப் பூட்டி நீட்டினால் சில நாட்களில் மூட்டு வலிக்கும். கடைசி ஒரு துளி மடிப்பை விட்டுவைக்க வேண்டும். மணிக்கட்டு மேலேயோ கீழேயோ மடங்கிய நிலையில் பட்டால் சுளுக்கும். சுண்டுவிரல் பக்கம் பட்டால் அந்த விரலுக்குரிய உள்ளங்கை எலும்பு உடையலாம். அந்த முறிவுக்கு ‘பாக்ஸர்ஸ் ஃபிராக்ச்சர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் தேர்ந்த வீரர்களைவிடச் சுவரையும் கதவையும் குத்துகிறவர்களுக்குத்தான் அது அதிகம் வருகிறது.

எல்லாவற்றிலும் விலை உயர்ந்த தவறு, திரும்பும் கையைத் தாழ்த்துவது. ஜேப்பை விட்டுவிட்டு, கையைக் கன்னத்துக்குக் கொண்டுவராமல் மார்பு உயரத்துக்கு இறக்குவார்கள். களைப்பில் இது தானாகவே நடக்கும். அமெரிக்க வீரர் ஜோ லூயிஸ் இதற்கு உலகறிந்த உதாரணம். அதுவரை தொழில்முறைப் போட்டியில் தோல்வியே காணாத லூயிஸ் ஜேப்புக்குப் பின் இடக்கையைத் தாழ்த்துகிறார் என்பதை ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங் அவருடைய போட்டிப் படச்சுருள்களைப் பார்த்தே கண்டுபிடித்தார். 1936 ஜூன் 19 அன்று நியூயார்க் யாங்கீ ஸ்டேடியத்தில் அந்த இடைவெளி வழியே வலக்கையைத் திரும்பத் திரும்ப இறக்கினார். 4ஆவது சுற்றில் லூயிஸ் விழுந்தார், 12ஆவது சுற்றில் எழவில்லை. 1938 ஜூன் 22 அன்று நடந்த மறுபோட்டியில் லூயிஸ் முதல் சுற்றிலேயே ஷ்மெலிங்கை முடித்தார் என்பது வேறு விஷயம்.

சரி, இந்த ஒரு குத்துக்கு ஏன் இத்தனை மரியாதை? எதிராளியை வீழ்த்துவது இதன் முதல் வேலை அல்ல. தூரத்தை அளப்பது, கண்ணை மறைப்பது, முன்னேறி வருபவரை நிறுத்துவது, அவர் மூச்சையும் தாளத்தையும் கலைப்பது, பின்னால் வரும் கிராஸுக்குக் கதவைத் திறப்பது, நடுவர்களின் கண்ணில் புள்ளி சேர்ப்பது, இவ்வளவும் இதன் வேலை. 1978 முதல் 1985 வரை ஹெவிவெயிட் (மிக அதிக எடைப்பிரிவு) பட்டம் வைத்திருந்த லாரி ஹோம்ஸின் ஜேப்பை அந்த எடையில் தலைசிறந்தவற்றில் ஒன்றாக இன்றும் சொல்கிறார்கள். அவர் ஆட்டமே அதைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருந்தது.

வர்ணனையில் வரும் அடைமொழிகள் ஒவ்வொன்றுக்கும் தனிப்பொருள் உண்டு. ‘ஸ்டிஃப் ஜேப்’ என்றால் உடல் எடை சேர்ந்து, தலையைப் பின்னுக்குத் தள்ளும் குத்து. ‘ஃபிளிக்கர் ஜேப்’ என்றால் கையை இடுப்புப் பக்கம் தாழ்வாகத் தொங்கவிட்டு, அங்கிருந்து சாட்டைபோல் சுண்டுவது. நீண்ட கையுடைய தாமஸ் ஹெர்ன்ஸ் இதற்குப் பெயர் போனவர். கை குட்டையாக இருப்பவர் இதைப் பின்பற்றினால் முகம் திறந்துகிடப்பதுதான் மிச்சம். ‘டபுள் ஜேப்’பில் இரண்டு தொடர்ந்து வரும், முதலாவது எதிராளியின் கையை எழுப்ப, இரண்டாவது உள்ளே போகும். முதல் குத்தில் கையை முழுக்கத் திருப்பிக் கொண்டுவராமல் பாதியிலிருந்தே மறுபடி விடுவது இங்கே மட்டும் அனுமதி. ‘பாயிங்’ என்பது பாராட்டு அல்ல: பூனை பாதத்தால் தட்டிப் பார்ப்பதுபோல், விசையில்லாமல் கையை நீட்டி நீட்டித் தொடுவது. ‘வொர்க்கிங் பிஹைண்ட் த ஜேப்’ என்றால், முன்னே ஜேப்பை விட்டு அதன் மறைவில் மற்ற எல்லாவற்றையும் செய்கிறார் என்று பொருள். ‘ஈட்டிங் ஜேப்ஸ்’ என்றால் வாங்கிக்கொண்டே இருக்கிறார்.

வயிற்றுக்கு விடும் ஜேப்பில் ஒரு விதி தப்பக் கூடாது: முழங்காலை மடக்கி உடலோடு இறங்க வேண்டும். நின்ற உயரத்திலிருந்து கையை மட்டும் கீழே சாய்த்தால் முகம் காவலின்றி நிற்கும்.

திரையில் காட்டும் எண்களைப் படிக்கவும் ஒரு எச்சரிக்கை. போட்டியில் விழும் குத்துகளை எண்ணிச் சொல்லும் காம்பியூபாக்ஸ் கணக்கில் இரண்டே வகைதான்: ஜேப், ‘பவர் பன்ச்’. ஜேப் அல்லாத எல்லாமே பவர் பன்ச் என்று விழும். அதாவது தோளில் உரசிப்போகும் மெலிந்த ஹூக் பட்டாலும் ‘பவர்’. மூக்கை உடைக்கும் ஜேப் பட்டாலும் வெறும் ஜேப். இந்தப் பெயர்வைப்பே பார்ப்பவரை ஏமாற்றுகிறது என்பேன். ‘ரீச்’ என்ற எண்ணும் அப்படித்தான். இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அளப்பது அது. இருவருக்கும் ரீச்சில் 10 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் ஒரு கைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 5 சென்டிமீட்டர்தான்.

தடுக்கும் வழிகளில் எளியது, பின்கையின் உள்ளங்கையால் முகவாய்க்கு முன்னாலேயே பிடித்துக்கொள்வது. கையை முன்னே நீட்டித் தேடிப் போய்ப் பிடிக்கக் கூடாது. எதிராளி பொய்யாக ஒரு ஜேப் காட்டுவார், உங்கள் கை முன்னே போகும், அது விட்டுப்போன இடத்தில் ஹூக் வரும். தலையைச் சில சென்டிமீட்டர் வெளிப்பக்கம் சாய்த்துக் குத்தைத் தோளுக்கு மேலே போகவிடுவது அடுத்தது. சாய்ந்த அதே நொடியில் வரும் கைக்கு மேலாகக் கிராஸ் விடுவதுதான் ‘கிராஸ் கவுண்டர்’. ஆர்த்தடாக்ஸும் சவுத்பாவும் மோதும்போது முன்கைகள் இரண்டும் ஒரே பக்கத்தில் முட்டிக்கொள்வதால் இருவர் ஜேப்புமே சிரமப்படும். அங்கே யார் முன்கால் வெளிப்பக்கம் இருக்கிறது என்பதுதான் ஆட்டம்.

பழகுவதற்கு: சுவரை ஒட்டி, முன்கை சுவர்ப் பக்கம் இருக்கும்படி நின்று ஜேப் விடுங்கள். முழங்கை விரிந்தால் சுவரில் இடிக்கும், யாரும் திருத்த வேண்டியதில்லை. முகவாயைத் தாழ்த்தப் பழக, முகவாய்க்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு டென்னிஸ் பந்தை வைத்துக்கொள்ளலாம். பிறகு 3 நிமிடச் சுற்று ஒன்றை முழுக்க ஜேப்புக்கு மட்டும் ஒதுக்குங்கள், 1 நிமிடம் ஓய்வு. இரண்டாவது நிமிடத்திலேயே தோளின் முன்பக்கம் எரியத் தொடங்கும், கை தாழத் தொடங்கும். அப்போது கண்ணாடியைப் பார்த்தால் உங்கள் தவறு தெரியும். தொங்கும் பயிற்சிப் பையில் குத்தும் முன் 4.5 மீட்டர் கைப்பட்டை சுற்றிக்கொள்வது நல்லது. ஆளோடு பழகும்போது 14 அல்லது 16 அவுன்ஸ் கையுறை; தொழில்முறைப் போட்டியில் எடைப்பிரிவைப் பொறுத்து 8 அல்லது 10 அவுன்ஸ்.

ஊசிப் பொருளில்

பிரிட்டிஷ் பேச்சு வழக்கில் ஊசி போடுவது, முக்கியமாகத் தடுப்பூசி, ஜேப். ஃப்ளூ ஜேப், பூஸ்டர் ஜேப், வெளிநாட்டுப் பயணத்துக்கு முன் போடும் டிராவல் ஜேப்ஸ். அமெரிக்கர்கள் இதையே ‘ஷாட்’ என்பார்கள். கொரோனா காலத்தில் பிரிட்டிஷ் செய்திகள் வழியாக ஜேப் உலகமெங்கும் பரவியது. அமெரிக்காவில் தடுப்பூசியை எதிர்த்தவர்கள் சிலர் ‘த ஜேப்’ என்று ஒரு வெறுப்புத் தொனியோடு சொல்லவும் தொடங்கினார்கள். பிரிட்டனில் அந்தத் தொனி கிடையாது, நம்மூரில் ‘ஊசி போட்டாச்சா?’ என்பதுபோலச் சாதாரணச் சொல். ஆஸ்திரேலியாவில் அது அரசுத் திட்டத்தின் பெயருக்குள்ளேயே ஏறிவிட்டது: குழந்தைக்குரிய தடுப்பூசிகள் போடாவிட்டால் சில குடும்ப உதவித்தொகைகள் கிடையாது என்ற ‘நோ ஜேப், நோ பே’ 2016 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது.

ஆனாலும் இது பேச்சுவழக்குச் சொல். மருத்துவச் சான்றிதழிலோ அலுவலக விண்ணப்பத்திலோ வேக்சினேஷன், இன்ஜெக்ஷன், டோஸ் என்றே எழுத வேண்டும். ஒரு சிறு பொருத்தம்: பெரியவர்களுக்குப் பெரும்பாலான தடுப்பூசிகள் போடப்படும் தோள்பட்டையின் டெல்டாய்ட் தசைதான் ஜேப் விட்டு விட்டுக் களைப்பதும். ஊசி அதன் நடுப்பகுதியில் இறங்கும், ஜேப்பில் எரிவது அதன் முன்பகுதி.

பேச்சிலும் மற்ற இடங்களிலும்

‘டேக் அ ஜேப் அட்’ என்றால் ஒருவரைப் போகிற போக்கில் குத்திப் பேசுவது. இருவர் மாறி மாறிச் சீண்டிக்கொண்டால் ‘டிரேடிங் ஜேப்ஸ்’. இதற்குத் தமிழில் ‘குத்தல்’ என்ற சொல் தயாராக இருக்கிறது. அளவு மட்டும் கவனிக்க வேண்டும்: ஜேப் என்பது ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது. அரை மணி நேரம் திட்டித் தீர்த்தால் அது ஜேப் அல்ல. ‘கடுமையாகச் சாடினார்’ என்று ஒரு ஜேப்பை மொழிபெயர்த்தால் செய்தியே மாறிவிடும். ‘சீண்டினார்’, ‘குத்திக் காட்டினார்’ போதும்.

விரலால் பொத்தானை அழுத்துவது, முழங்கையால் இடிப்பது, முள்கரண்டியால் குத்துவது எல்லாவற்றுக்கும் வினையாக ஜேப் வரும். இலக்கணத்தில் மூன்று அமைப்பு நினைவில் இருந்தால் போதும். விலாவில் இடித்தான் என்பதற்கு ‘ஜேப்ட் மீ இன் த ரிப்ஸ்’: ஆள் முதலில், உறுப்பு ‘இன் த’வோடு பின்னால். ஒன்றை இன்னொன்றுக்குள் குத்தி இறக்கினால் ‘இன்டூ’. குத்த முயன்றான், பட்டதா இல்லையா என்பது முக்கியமில்லை என்றால் ‘அட்’. இறந்தகாலத்திலும் ‘இங்’ வடிவத்திலும் கடைசி எழுத்து ‘பி’ இரட்டிக்கும். படபடவென்று உளறுவதைக் குறிக்கும் ‘ஜேபர்’ பேச்சோசையைப் போலச் செய்து உண்டான வேறு சொல், இதோடு உறவில்லை.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘முன்கைக் குத்து’ என்று எழுதினால், மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட பகுதியும் முன்கைதான் என்பதால் அதனால் இடித்ததாகப் புரிந்துகொள்ளலாம். நான் மேலே பயன்படுத்தியிருப்பது முன்னால் இருக்கும் கை என்ற பொருளில். வெறும் ‘குத்து’ போதாது. பன்ச், ஸ்டேப், ப்ரிக் எல்லாம் தமிழில் குத்துதான், நெல்லையும் குத்துகிறோம். எனக்குக் கைகொடுக்கும் சோதனை ஒன்று உண்டு: அந்த இடத்தில் ‘சுருக்கென்று’ என்ற சொல் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஊசி சுருக்கென்று ஏறியது, பேச்சு சுருக்கென்று தைத்தது, இரண்டும் ஜேப். ‘பொத்தென்று’, ‘ணங்கென்று’ வந்தால் அது பன்ச். ஊமைக்குத்து ஜேப்பே அல்ல. குத்துச்சண்டைச் செய்தியில் மட்டும் ‘ஜேப்’ என்றே விட்டுவிட்டு, முதல் முறை வரும் இடத்தில் ‘முன்னிருக்கும் கையால் விடும் நேர்க்குத்து’ என்று ஒரு விளக்கம் சேர்ப்பதுதான் வாசகருக்கு நல்லது.

‘அமைச்சருக்கு முதல் ஜேப்’ என்று ஒரு தலைப்பு வந்தால் என்ன செய்வது? வினையைப் பாருங்கள். பெற்றார், போட்டுக்கொண்டார் என்ற பொருளில் ‘கெட்’, ‘ரிசீவ்’ வந்தால் ஊசி. ‘அட்’ வந்தால் கேலி. ‘லேண்ட்’, ‘த்ரோ’ வந்தால் கையுறை மாட்டியிருக்கிறார்கள், சில சமயம் உவமையாக.